எழுதக் கற்பிப்போரும் விற்கக் கற்பிப்போரும்



பட்டினப்பாலையைப் படித்தவர்கள் அந்நூலில் வரும் கொடிகளை மறந்திருக்க மாட்டார்கள். காவிரிப்பூம்பட்டினத்தின் தெருக்களிலே பலவகைக் கொடிகள் பறந்தன என்று புலவர் வருணிக்கின்றார். அவற்றுள் ஒன்று, கற்றுத் துறைபோகிய ஆசிரியர்கள், ‘எம்மோடு வாதிட வல்லார் வருக’ என்ற குறிப்போடு உயர்த்திய கொடி. இன்னொன்று கள் விற்போர் தம் கடைவாயிலில் கட்டிய கொடி. ஒரே நகரம், ஒரே காற்று, இரு கொடிகளும் அதில் அசைந்தன. ஒன்று அறிவை நாடி வருவோரை அழைத்தது. மற்றொன்று பணம் கொண்டு வருவோரை அழைத்தது. ஆயினும் அழைப்பு என்ற அளவில் இரண்டும் ஓரினமே.

இன்று நாம் ஆராயப் புகுவதும் அத்தகைய இரண்டு கொடிகளைப் பற்றியதேயாகும். நன்றாக எழுதுவது எப்படி என்று கற்பிக்கும் நூல்கள் ஒருபுறம். பொருள் விற்குமாறு எழுதுவது எப்படி என்று கற்பிக்கும் நூல்கள் மறுபுறம். முன்னதை இலக்கியம் என்று போற்றுகிறோம். பின்னதை விளம்பரம் என்று ஒதுக்குகிறோம். இவ்விரண்டும் உண்மையில் எவ்வளவு தூரம் ஒன்றுபடுகின்றன, எவ்விடத்தில் பிரிகின்றன என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பது, சொந்த மண்ணை விட்டு வெளியே வாழும் தமிழர்க்கு மிகவும் பயன்படும். ஏன் என்பதை எமது அனுபவத்தைக் கொண்டே சொல்லிவிடுகிறோம்.

நாம் வாழ்வது ஐதராபாத்தை ஒட்டிய செகந்தராபாத்தில். 1806ஆம் ஆண்டில் நிசாம் சிக்கந்தர் ஜாவின் பெயரைப் பெற்ற இந்தப் படைவீட்டு நகருக்குத் தமிழர் வந்து குடியேறியது நேற்றோ இன்றோ அன்று. 1862ஆம் ஆண்டில் இங்கே மகபூப் கல்லூரிக்கு வித்திட்டவர் சோமசுந்தர முதலியார் என்னும் தமிழரே. பத்மாராவ் நகர் என்று நாம் நாள்தோறும் உச்சரிக்கும் பெயரும் ஒரு முதலியாரின் பெயர்தான். இத்துணைப் பழைய குடியிருப்பில், இன்றைய நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள்; தெருவில் தெலுங்கும் உருதும் பேசுகிறார்கள்; பள்ளியில் ஆங்கிலம் எழுதுகிறார்கள். தமிழை எழுத மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை.

இக்குறையைப் போக்க நாம் சிலர் கூடி, ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு தமிழ் வகுப்பு நடத்த முடிவு செய்தோம். அதற்கு ஓர் அறிக்கை வேண்டுமன்றோ? எம்முள் தமிழ் கற்றவர்கள் கூடி எழுதினோம். கல் தோன்றிய காலத்தில் தொடங்கினோம், மூன்று சங்கங்களைக் கடந்தோம், மூவேந்தரை வாழ்த்தினோம், கடைசி வரியில் வகுப்பு நடைபெறும் இடத்தையும் நேரத்தையும் சிறிய எழுத்தில் சேர்த்தோம். இருநூறு பிரதிகள் அச்சிட்டு, கந்தகிரி முருகன் கோயில் வாயிலில் கிருத்திகையன்று கையில் கையில் கொடுத்தோம். அடுத்த ஞாயிறு வந்த குழந்தைகள் நால்வர். அவர்களுள் இருவர் எம் வீட்டுப் பிள்ளைகள்.

அப்போதுதான் விளம்பர நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் எம்மிடம் வந்தார். அறிக்கையை வாங்கிப் படித்தார். “ஐயா, இதை யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்து எழுதினீர்கள்?” என்று கேட்டார். எம்மால் விடை கூற இயலவில்லை. “மோண்டா மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு, இரண்டு கையிலும் பையோடு வரும் ஒரு தாய் படிக்கப் போகிறாள். அவளுக்கு நீங்கள் என்ன தருகிறீர்கள் என்பது முதல் வரியிலேயே இருக்க வேண்டாமா?” என்றார். அந்த ஒரு வினா எம்மை இரண்டு வகை நூல்களையும் அருகருகே வைத்துப் படிக்கத் தூண்டியது.

முதலில் நம் முன்னோர் நூல்களைக் காண்போம். தொல்காப்பிய மரபியல், நூலுக்குரிய குற்றங்களையும் உத்திகளையும் வகுத்துரைக்கின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூல், பாயிரத்திலேயே பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் எண்ணிக் கூறுகின்றது. இதனைப் பள்ளியில் நாம் உருப்போட்டோம்; உருப்போட்டதாலேயே மறந்தோம். அப்பட்டியலை எம் முதல் அறிக்கையின் மேல் வைத்துப் பார்த்தபோது நாணமே மிகுந்தது. வேண்டியதற்கு மேல் சொல்லுவது மிகைபடக் கூறல்; எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரிப்பது மற்றொன்று விரித்தல்; ஓங்கித் தொடங்கிப் போகப் போகத் தேய்ந்து முடிவது சென்று தேய்ந்திறுதல். மூவேந்தரை வாழ்த்தத் தொடங்கி, வகுப்பு நேரத்தில் தேய்ந்த எம் அறிக்கைக்கு இம்மூன்று குற்றங்களும் பொருந்தின. விளம்பரக்காரர் சொன்ன குறையைப் பவணந்தியார் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்கின்றார். நாம்தான் அதை இலக்கணம் என்று அலமாரியில் வைத்துவிட்டோம்.

இனி மேனாட்டு விளம்பர ஆசிரியர்களைப் பார்ப்போம். அமெரிக்கரான கிளாட் ஹாப்கின்ஸ் 1923இல் விளம்பரத்தை ஓர் அறிவியலாகக் கருதிச் சிறு நூல் ஒன்று வெளியிட்டார். அவருடைய முறை எளிது. விளம்பரத்தின் ஓரத்தில் வெட்டி அனுப்பத்தக்க ஒரு சீட்டு இருக்கும். எந்த விளம்பரத்திலிருந்து எத்தனை சீட்டுகள் திரும்பி வந்தன என்று எண்ணுவார். மிகுதியாக வந்தது நல்ல எழுத்து. குறைவாக வந்தது தீய எழுத்து. 1932இல் ஜான் கேப்பிள்ஸ் என்பவர் அதே வழியில் மேலும் சென்று, தலைப்பை மட்டும் மாற்றினால் விளைவு எவ்வாறு மாறும் என்பதைச் சோதித்து எழுதினார். 1963இல் டேவிட் ஓகில்வி தம் அனுபவங்களை நூலாக்கினார். இளமையில் பாரிசு நகர உணவு விடுதியில் சமையற் பணி செய்தவர். ஸ்காட்லாந்தில் வீடு வீடாகச் சென்று அடுப்பு விற்றவர். 1935இல் அடுப்பு விற்போருக்கென்றே ஒரு கையேடு எழுதியவர். கதவைத் தட்டியவர் ஆதலின், கதவைத் திறப்பவரை அறிவிலி என்று எண்ணக் கூடாது என்பதை அவர் வற்புறுத்தினார். விவரம் நிறைந்த விளம்பரத்தையே அவர் விரும்பினார்.

அதே காலத்தில் எழுத்துக்கலையைப் பற்றியும் அங்கு நூல்கள் எழுந்தன. வில்லியம் ஸ்டிரங்கு என்ற பேராசிரியர் 1918இல் தம் மாணவர்க்கென ஒரு சிறு கையேடு அச்சிட்டார். அவரிடம் பயின்ற ஈ. பி. ஒயிட் 1959இல் அதைத் திருத்தி விரித்தார். வேண்டாத சொல்லை வெட்டு என்பது அந்நூலின் உயிர்நாடி. ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஆறு விதிகளைத் தந்து, ஆறாவது விதியாக, முரட்டுத்தனமாக எதையும் சொல்ல நேருமாயின் மற்ற விதிகளை மீறுக என்றார். இவர் 1941 முதல் 1943 வரை பி.பி.சி.யின் கீழ்த்திசைப் பிரிவில் இந்தியாவுக்கான வானொலிப் பேச்சுகளை அமைத்தவர் என்பது வானொலி நேயர்களுக்கு இனிக்கும் செய்தி. தமிழிலும் இத்தகைய நூல்கட்குக் குறைவில்லை. அ. கி. பரந்தாமனாரின் ‘நல்ல தமிழ் எழுத வேண்டுமா?’ என்னும் நூல் பிழையின்றி எழுதக் கற்பித்தது. ரா. கி. ரங்கராஜன் கதை எழுதும் முறையைப் பாடங்களாகவே வகுத்துத் தந்தார்.

இவற்றையெல்லாம் ஒப்பிடுங்கால், முதலில் தோன்றுவது ஒற்றுமையே. சுருக்கம், தெளிவு, ஒழுங்கான வைப்பு, கண்முன் நிற்கும் எடுத்துக்காட்டு ஆகிய இந்நான்கையும் நன்னூலாரும் கேட்கின்றார், ஹாப்கின்சும் கேட்கின்றார், ஆர்வெலும் கேட்கின்றார். இலக்கிய ஆசிரியன் உயர்ந்த மொழியில் எழுதுவான், விளம்பரக்காரன் மலிவான மொழியில் எழுதுவான் என்பது நம் கற்பனை. பாரதியார் 1912இல் பாஞ்சாலி சபதத்திற்கு எழுதிய முன்னுரையில் எளிய சொற்களையும் எளிய நடையையும் பொதுமக்கள் விரும்பும் மெட்டையும் வேண்டியது எல்லோரும் அறிந்ததே.

வேற்றுமை எங்கே தொடங்குகிறது? தற்புகழ்ச்சியில் தொடங்குகிறது. அரிய நூலைச் செய்து முடித்தவனேயாயினும், தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பது நன்னூலின் கொள்கை. ஆகவே நூலின் சிறப்பை உரைக்கும் பாயிரத்தை ஆசிரியன் எழுதலாகாது. அவனுடைய ஆசிரியரோ, உடன் கற்றவரோ, மாணாக்கரோ, உரையாசிரியரோ எழுத வேண்டும். ஆயினும் நன்னூலார் உலகியலை அறியாதவர் அல்லர். நான்கு இடங்களில் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என்று விலக்கும் தருகின்றார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதவரிடையிலும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதிலும், எதிரி தன்னைப் பழித்த காலத்திலும் அது குற்றமாகாது. விளம்பரத்தின் இலக்கணம் முழுவதும் இந்த விலக்கினுள்ளே அடங்கிக் கிடக்கின்றது. வாங்குபவன் விற்பவனுடைய ஆற்றலை அறியாதவன். ஆதலின் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் நன்னூலில் இது விலக்கு. விளம்பர நூலிலோ இதுவே விதி. இருவருக்கும் உள்ள தொலைவு இவ்வளவே. ஆனால் இது சிறிய தொலைவன்று.

இரண்டாம் வேற்றுமை அளவுகோலில் உள்ளது. ஹாப்கின்சின் அளவுகோல் திரும்பி வரும் சீட்டு. சில வாரங்களில் தீர்ப்பு வெளியாகிவிடும். நன்னூலின் அளவுகோலோ, சொல் நிலைத்து நின்று பயன் தருகின்றதா என்பது. இதற்குக் காலம் வேண்டும். 1920ஆம் ஆண்டில் பாரதியார் கடையத்திலிருந்து நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை விடுத்தார். தம் கையெழுத்துப் பிரதிகளை நாற்பது நூல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் பிரதிகள் அச்சிடத் திட்டமிட்டு, பொருளுதவி வேண்டினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்பதுபோலத் தம் நூல்கள் நாடெங்கும் விற்கும் என்று உறுதி கூறினார். எதிர்பார்த்த பணம் வரவில்லை. 1921 செப்டம்பரில் கவிஞர் மறைந்தார். சீட்டை எண்ணும் கணக்கின்படி அச்சுற்றறிக்கை ஒரு தோல்வி. ஆனால் 1949இல் சென்னை அரசே அவருடைய நூல்களின் உரிமையை ஏற்றது. பின்னர் அவை மக்களின் பொதுச் சொத்தாயின. இன்று தீப்பெட்டி இல்லாத வீட்டிலும் பாரதி இருக்கின்றார். கவிஞரின் வாக்குப் பொய்க்கவில்லை. காலக் கணக்குத்தான் பொய்த்தது.

இதனால் விளம்பரம் இலக்கியத்துக்குப் பகை என்று முடிவு கட்டிவிட வேண்டா. தெலுங்கு நாட்டார் பெருமையோடு நினைவுகூரும் காசிநாதுனி நாகேசுவரராவ் பந்துலு, 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனம் என்னும் தலைவலி மருந்தைத் தொடங்கினார். இசைக் கச்சேரிகளில் மாதிரிகளை இலவசமாக வழங்கிப் பெயரைப் பரப்பினார். அந்த வருவாய் எங்கே சென்றது? 1908இல் ‘ஆந்திர பத்திரிகை’யாயிற்று, 1914இல் சென்னையில் அது நாளேடாயிற்று, 1924இல் ‘பாரதி’ என்னும் தெலுங்கு இலக்கியத் திங்களிதழாயிற்று. தமிழிலோ, விளம்பரத் தொழில் நடத்திய எஸ். எஸ். வாசன் 1928இல் ‘ஆனந்த விகட’னை வாங்கி, தமிழ் நகைச்சுவைக்கும் சிறுகதைக்கும் பெரிய அரங்கு அமைத்தார். எமது ஐதராபாத்திலே 1920இல் தொடங்கிய யுனானி மருந்து ஒன்றுக்கு ‘ஜிந்தா திலிஸ்மாத்’ என்று பெயர். உயிருள்ள மாயம் என்பது அதன் பொருள். இரண்டே சொற்களில் அமைந்த அப்பெயர் ஒரு நூற்றாண்டைக் கடந்து நிற்பது, சுருங்கச் சொல்லலின் ஆற்றலையன்றோ காட்டுகின்றது?

மூன்றாம் வேற்றுமையே மிகவும் முக்கியமானது. அதனை எம் கதையின் எஞ்சிய பகுதி உணர்த்தும்.

அந்த இளைஞர் எமக்கு இரண்டாவது அறிக்கை எழுதித் தந்தார். “பன்னிரண்டே ஞாயிறுகளில் உங்கள் பிள்ளை ஊரில் உள்ள பாட்டிக்குத் தன் கையால் தமிழில் கடிதம் எழுதும்” என்பது முதல் வரி. இடமும் நேரமும் இரண்டாம் வரி. வேறொன்றும் இல்லை. அடுத்த ஞாயிறு முப்பது குழந்தைகளுக்கு மேல் வந்தார்கள். இருக்க இடம் போதவில்லை. பாய் கடன் வாங்கினோம். விளம்பர நூல்களின் பெருமையை அன்று முழுதும் பேசிக்கொண்டிருந்தோம்.

பன்னிரண்டாம் ஞாயிறும் வந்தது. வாரம் ஒரு மணி நேரமே படிக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் உயிரெழுத்தையும் மெய்யெழுத்தையும் கடந்து, உயிர்மெய்யில் தடுமாறிக்கொண்டிருந்தனர். ஒரு தாய் தம் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, “சார், பன்னிரண்டு வாரம் என்று போட்டிருந்தீர்களே? மாமியாரிடம் சொல்லிவிட்டேன்; அவர் தினமும் தபால்காரரை எதிர்பார்க்கிறார்” என்றார். கோபமாகக் கூறியிருந்தால் விடை சொல்லியிருப்போம். அவர் வருத்தமாகக் கூறினார், நாம் தலைகுனிந்தோம். எங்கோ தஞ்சை மாவட்டத்தில் ஒரு கிழவி திண்ணையில் அமர்ந்து, எழுதப்படாத ஒரு கடிதத்துக்காகக் காத்திருக்க, எம் முதல் வரி காரணமாயிற்று.

முதல் அறிக்கை படிப்பவரை மறந்த குற்றமுடையது. இரண்டாவது அறிக்கை உண்மையை மறந்த குற்றமுடையது. உலகத்து இயல்போடு முரண்படாமை ஓர் அழகு என்று நன்னூல் சொல்வதன் பொருள் அன்றுதான் எமக்கு விளங்கிற்று. இந்த இடத்தில் விளம்பர ஆசிரியர்களைப் பழிப்பதும் நேர்மையாகாது. ஹாப்கின்சும் ஓகில்வியும் திட்டவட்டமான செய்திகளையே சொல்லுமாறு கற்பித்தவர்கள். ஆனால் அவர்களுடைய அளவுகோல் வந்தவரை எண்ணுகின்றது. ஏமாந்து திரும்பியவரை அது உடனே எண்ணுவதில்லை. ஆகவேதான் அரசு குறுக்கிட நேர்ந்தது. மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954இல் நம் நாட்டில் ஒரு சட்டம் பிறந்தது. 1985இல் விளம்பரத் துறையினரே தமக்கென ஒரு தர நிர்ணயக் குழுவை அமைத்துக்கொண்டனர். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்துக்குத் தண்டனை விதித்தது. கவிதை எழுதுவோரைக் கட்டுப்படுத்த இத்தகைய சட்டம் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். கவிதையில் ஏமாந்தவன் கைப்பணத்தை இழப்பதில்லை.

நாம் மூன்றாவது அறிக்கை ஒன்றை எழுதினோம். அந்த இளைஞரும் தமிழாசிரியர் ஒருவரும் எதிரெதிரே அமர்ந்து எழுதினர். “ஓர் ஆண்டு ஞாயிறு தவறாமல் வந்து, வீட்டில் நாள்தோறும் கால் மணி நேரம் எழுதினால், உங்கள் பிள்ளை பாட்டிக்குத் தன் கையால் கடிதம் எழுதும். கால் மணி நேரம் உடன் உட்கார வேண்டியவர் நீங்கள்.” வந்த குழந்தைகள் பதினெட்டுப் பேர். முப்பதைவிடக் குறைவு, நான்கைவிட மிகுதி. ஆனால் ஆண்டிறுதியில் அவர்களில் பதினைந்து பேர் எம்மோடு இருந்தனர். அச்சிறுவனும் அவர்களுள் ஒருவன். அவன் பாட்டிக்கு எழுதிய ஐந்து வரிகளில் நான்கு பிழைகள் இருந்தன. ஒன்றையும் திருத்த வேண்டாம் என்று அவன் தாய் கேட்டுக்கொண்டார், நாமும் திருத்தவில்லை.

நேயர்களே, கல்கத்தாவிலும் தில்லியிலும் பெங்களூரிலும் மும்பையிலும் உங்களுக்கும் இதே நிலை இருக்கும். நம் பிள்ளைகளின் கண்ணில் படும் அச்சுத் தமிழ் மிகக் குறைவு. பிசுக்கோத்துப் பொட்டலத்தின் பின்புறத்திலோ, திரைப்படச் சுவரொட்டியிலோ பார்க்கும் சில வரிகளே அவர்களுக்குத் தமிழ்ப் பாடம். அறிந்தோ அறியாமலோ, விளம்பரம் எழுதுபவர் வெளிநாட்டுத் தமிழ்க் குழந்தைக்கும் வெளிமாநிலத் தமிழ்க் குழந்தைக்கும் ஆசிரியராகிவிடுகின்றார். ஆங்கிலத்தை நிழல்போலத் தொடரும் தமிழை அவர் எழுதினால், அந்தக் கோணல் பிள்ளையின் நாவிலும் ஏறும். ஆகையால் விளம்பரம் எழுதும் தமிழ் இளைஞர்களை நாம் கேட்டுக்கொள்வது, நன்னூல் பாயிரத்தை ஒருமுறை படியுங்கள் என்பதே. சங்க அறிக்கைகளும் ஆண்டுமலர்களும் எழுதும் தமிழன்பர்களைக் கேட்டுக்கொள்வது, ஓகில்வியை ஒருமுறை படியுங்கள் என்பதே. முன்னவர்க்கு எதைச் சொல்லலாகாது என்பது விளங்கும்; பின்னவர்க்கு யாரிடம் சொல்கிறோம் என்பது விளங்கும்.

எழுதுவதற்கு முன் இரண்டு வினாக்களை நமக்குள் கேட்டுக்கொள்வோம். இதனைப் படிக்கும் அந்தத் தாய் யார்? இதனை நம்பிக் காத்திருக்கும் அந்தப் பாட்டி யார்? முதல் வினாவை விளம்பர நூல்கள் எமக்குக் கற்பித்தன. இரண்டாவதை நம் பழைய இலக்கணம் கற்பித்தது. இரண்டுக்கும் விடை தெரிந்து எழுதப்படும் வரி, கோயில் வாயிலில் கொடுக்கும் துண்டுத்தாளாயினும் நல்ல எழுத்தேயாகும்.